மஞ்சள் உடலமும் வௌவாலின் சூலகமும்: ஒரு கலைச்சொல் வரலாறு

அகத்தியர்கூடத்தின் மேற்குச் சரிவில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் விதுரா ஊராட்சியில் அமைந்துள்ள போனக்காடு, 1,868 மீட்டர் உயரமுள்ள அம்மலைமீது ஏறுவோர் புறப்படும் இடம் என்ற அளவிலேயே இன்று பலருக்கும் அறிமுகமாகியுள்ளது. அங்குள்ள பழைய தேயிலைத் தோட்டத்திற்குத் தமிழகத்திலிருந்து வந்து சேர்ந்த தொழிலாளர்களின் வழியினர் தமிழையும் மலையாளத்தையும் அடுத்தடுத்த மூச்சில் பேசுவர். தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர் என்று மரபு போற்றும் முனிவரின் பெயரைத் தாங்கிய மலையடியில் இருமொழி வழக்கு இயல்பாக நிலைபெற்றிருப்பது மொழியியலாரின் கவனத்திற்கு உரியது.

அம்மலைக்காட்டில் அந்தியில் பறக்கும் ஓர் உயிரியின் பெயர் இரு மொழிகளுக்கும் இடையே எந்த இடர்ப்பாட்டையும் உண்டாக்குவதில்லை. தமிழில் வாவல், வௌவால். மலையாளத்தில் வாவல், வவ்வால். பழந்தின்னிப் பெருவௌவாலுக்குக் கடவாவல். கன்னடத்தில் அதுவே வகரம் பகரமாகிப் பாவலி. தாவுதல் எனப் பொருள்படும் ‘வாவு’ என்னும் வினையோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவர். சங்க நூல்களில் இடம்பெறும் சொல் ஈராயிரம் ஆண்டுகளாக உருக்குலையாமல் வழங்கிவருகிறது. சிறுவகை வௌவாலைக் குறிக்கத் தமிழில் துரிஞ்சில் என்ற சொல்லும், மலையாளத்தில் நரிச்சீர் என்ற சொல்லும் உண்டு.

ஆயின் அதே உயிரியின் உடலுக்குள் நுழைந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. மலையாள வழியில் பயிலும் மாணவன் அண்டாசயம் என்று படிக்கும் உறுப்பைத் தமிழ் வழியில் பயில்பவன் அண்டகம் என்று படிப்பான், கால்நடை மருத்துவ நூலில் அது சினைப்பை, யாழ்ப்பாணத்தில் சூலகம். மூன்று மொழிகளுக்குப் பொதுவான பெயரை உடைய ஓர் உயிரியின் ஒற்றை உறுப்பு, ஒரே மொழிக்குள் மூன்று நான்கு பெயர்களைப் பெற்றிருக்கிறது. பெயர்கள் பலவாக இருப்பது மட்டும் குறையன்று. வௌவாலின் கருப்பக் காலத்தில் சூலகத்தினுள் நிகழும் உயிரணு மாற்றங்களைத் தமிழில் எழுதப் புகும்போது, இப்பெயர்கள் எந்த விலங்கை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டன என்ற கேள்வி எழுகிறது. பசுவையும் முயலையும் நோக்கிச் சமைந்த சொற்கள் வௌவாலுக்குப் பொருந்தாமற் போகும் வரலாறே இங்கு ஆராயப்படுகிறது.

நிறத்தால் அமைந்த பெயர்

டச்சு மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப் 1672-இல் பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். சூலகத்தின் மேற்பரப்பில் நீர்க்கொப்புளம்போற் புடைத்து நிற்கும் நுண்பைகளை அதில் விவரித்த அவர், அவற்றையே முட்டைகள் என்று கருதினார். கருவுற்ற முயலின் சூலகத்தில் காணப்படும் திரட்சிகளின் எண்ணிக்கையும் கருப்பையிலுள்ள குட்டிகளின் எண்ணிக்கையும் ஒத்திருத்தலையும் அவர் கண்டார். நுண்பை முட்டையன்று, முட்டையைத் தாங்கும் உறையே என்பது 1827-இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் நாயின் சூலகத்தில் உண்மையான முட்டையைக் கண்டறிந்த பின்னரே தெளிவாயிற்று. முட்டையைச் சுமக்கும் பையையும் முட்டையையும் ஒரே சொல்லாற் குறித்த அக்குழப்பம் நூற்றைம்பது ஆண்டுகள் நீடித்தது என்பதைக் கலைச்சொல் ஆக்குவோர் மறத்தலாகாது.

முட்டை வெளியேறிய பின் நுண்பையின் சுவரிலிருந்து உருவாகும் திரட்சிக்கு ‘கார்ப்பஸ் லூட்டியம்’ என்று பெயரிட்டவர் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி. லூட்டியஸ் என்பது இலத்தீனில் மஞ்சள். கார்ப்பஸ் என்பது உடல். பசுவின் சூலகத்தை அறுத்தால் இத்திரட்சி பளிச்சென்ற மஞ்சளாகக் காணப்படும். தீவனப் புல்லிலிருந்து உடலில் சேரும் கரோட்டீன் என்ற நிறமியே அதற்குக் காரணம். செம்மறியாட்டிலும் பன்றியிலும் அது ஊன் நிறத்தது. கொழுப்பைக் கரைக்கும் திரவங்களில் ஊறவைத்து, மெழுகில் பதித்துச் சீவி, சாயமேற்றிய நுண்ணோக்கி வில்லையில் எந்த விலங்கின் திரட்சியும் மஞ்சளாக இராது. சாயத்தின் இளஞ்சிவப்பும் ஊதாவுமே தெரியும். ஒரு சில மில்லிமீட்டர் அளவே உள்ள வௌவால் சூலகத்தை ஆய்வோர் பெரும்பாலும் பார்ப்பது இவ்வில்லையைத்தான்.

பெயர் ஒருமுறை நிலைபெற்றபின் அதிலிருந்து ஒரு சொற்குடும்பமே கிளைத்தது. 1869-இல் துடிக்கும் என்ற வேதியியலார் இத்திரட்சியிலும் முட்டைக் கருவிலும் உள்ள மஞ்சள் நிறமிக்கு லூட்டீன் என்று பெயர் சூட்டினார். நுண்பைச் சுவரின் செல்கள் உருமாறுதல் ‘லூட்டியமாதல்’ எனவும், அதனைத் தூண்டும் பிட்யூட்டரிச் சுரப்பு ‘லூட்டியமாக்கும் ஹார்மோன்’ எனவும், அத்திரட்சி சிதைதல் ‘லூட்டியச் சிதைவு’ எனவும் பொருள்படும் தொடர்கள் ஐரோப்பிய மொழிகளில் தோன்றின. நிறம் பற்றிய பெயரடை, படிப்படியாக நிறத்தோடு தொடர்பற்ற வினையாகிவிட்டது.

அத்திரட்சியின் தொழில் வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. ஜெர்மனியின் பிரெஸ்லவ் நகரில் குஸ்தாவ் போர்ன் கூறிய கருத்தைப் பின்பற்றி லூட்விக் ஃபிராங்கெல் செய்த சோதனைகள் 1903-இல் வெளிவந்தன. கருவுற்ற முயல்களிலிருந்து இத்திரட்சிகளை நீக்கினால் கரு நிலைக்கவில்லை. 1929-இல் அமெரிக்கரான கார்னரும் ஆலனும் அதன் சாற்றைப் பிரித்தெடுத்துக் கருப்பத்தைக் காக்கும் பொருள் அதில் உண்டென்று நிறுவினர். 1934-இல் அப்பொருள் தூய படிகமாகக் கிடைத்தது. மறு ஆண்டு புரோஜெஸ்டிரோன் என்ற பெயர் ஏற்கப்பட்டது. ‘கருப்பத்தைச் சுமத்தற்கு உதவுவது’ என்ற குறிப்பு அப்பெயரிலேயே உண்டு. ஆக, உறுப்பிற்கு நிறத்தாற் பெயர். அதன் சுரப்பிற்குத் தொழிலாற் பெயர். தமிழில் ஆக்கம் செய்வோர் முன் இவ்விரு பெயரிடு முறைகளும் ஒருங்கே வந்து நின்றன.

வௌவால் எழுப்பிய ஐயம்

பசுவிலும் முயலிலும் புணர்ச்சி, முட்டை வெளியேறுதல், விந்தோடு சேர்தல் ஆகியவை ஓரிரு நாளுக்குள் நிகழ்ந்துவிடுகின்றன. எனவே ‘சினைப்பிடித்தல்’ என்ற ஒரு சொல் உழவனுக்குப் போதுமானதாக இருந்தது. பருவமறிந்து மாட்டைச் சேர்த்தவன் அது சினைப்பிடித்ததா இல்லையா என்பதை மட்டுமே அறிய விரும்பினான். மொழி அத்தேவைக்கு ஏற்ப அமைந்தது. அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை.

ஐரோப்பாவின் குளிர்நிலத்து வௌவால்கள் இந்த ஒழுங்குக்கு உட்படாதவை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிப்பட்டது. இலையுதிர் காலத்திற் புணர்ந்த பெண் வௌவால், குளிர்கால உறக்கத்தின்போது கருப்பையில் உயிருள்ள விந்தணுக்களைச் சேமித்து வைத்திருந்தது. ஆனால் சூலகத்திலிருந்து முட்டை வெளியேறியிருக்கவில்லை. 1879-இல் ஜெர்மனியில் பெனெக்கே, ஐமர், ஃபிரீஸ் ஆகிய மூவரும் தனித்தனியே இதுபற்றி எழுதினர். அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் எட்வார்ட் வான் பெனெடன், ஜூலினுடன் சேர்ந்து, வௌவால் முட்டையின் முதிர்ச்சியையும் பிளவுறுதலையும் விவரித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டின் வான் டெர் ஸ்ட்ரிக்ட் வௌவாலின் சூலகத் திரட்சியைச் சுரப்பி என்ற நோக்கில் நுணுகி ஆய்ந்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் விம்சாட் 1944-இல் வெளியிட்ட ஆய்வில், முட்டையைச் சூழ்ந்த செல்கள் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பால் நிரம்பி, ஒரே நுண்பை குளிர்காலம் முழுவதும் உயிரோடு காத்திருப்பதைக் காட்டினார். பிற பாலூட்டிகளில் முதிர்ந்த நுண்பை சில நாட்களில் வெடிக்கும், அல்லது சிதையும். மாதக்கணக்கில் காத்திருக்கும் நுண்பை புதியது.

முட்டை வெளியேறியபின் நிகழ்வது வேறொரு தொடர். நுண்பையின் உட்சுவரில் அடுக்கடுக்காக இருந்த கிரானுலோசா செல்கள் பெருகுதலை நிறுத்திப் பருக்கத் தொடங்குகின்றன. அவற்றின் உட்பொருளில் கொழுப்புத் துளிகள் தோன்றுகின்றன, மைட்டோகாண்ட்ரியாக்கள் மிகுகின்றன, ஸ்டீராய்டு ஆக்கத்திற்குரிய வழவழப்பான எண்டோபிளாச வலை விரிகிறது. வெளிச்சுவரிலிருந்து இரத்த நுண்குழல்கள் உள்நோக்கி வளர்ந்து ஒவ்வொரு செல்லையும் நெருங்குகின்றன. ஒரு காலத்தில் முட்டைக்கு ஊட்டம் அளித்த செல், இப்போது இரத்தத்திற்குள் சுரக்கும் சுரப்பிச் செல்லாகிவிடுகிறது. கருப்பத்தின் பிற்பகுதியில் சில வௌவால் இனங்களில் இத்திரட்சி ஈற்றுவரை நிலைக்கிறது. வேறு சிலவற்றில் முன்னரே சுருங்கி மறைகிறது. அங்கே நஞ்சுக்கொடி அப்பணியை ஏற்றுக்கொள்கிறது. சிதையும் செல்களின் கரு சுருங்கிக் கருமையாகும். உட்பொருளில் வெற்றிடங்கள் தோன்றும். இறுதியில் நார்த்தழும்பு எஞ்சும். அத்தழும்பிற்கு இலத்தீனில் வெண்ணிற உடல் என்று பெயர். இங்கும் நிறமே.

இந்தியாவிலும் இலங்கையிலும்

வெப்பநாட்டு வௌவால்களைப் பற்றிய அறிவிற்கு இவ்விரு நாடுகளும் அளித்த பங்கு பெரிது. ஆஸ்திரேலியரான ஏ. ஜே. மார்ஷல் இலங்கையின் பழந்தின்னிப் பெருவௌவாலின் இனப்பெருக்கச் சுழற்சி பற்றி 1947-இலும், அதன் கருப்பையில் கருவுறுதலுக்கு முன் நிகழும் மாற்றங்கள் பற்றி 1949-இலும் இலண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் எழுதினார். எந்தப் பக்கத்துச் சூலகத்தில் முட்டை முதிர்கிறதோ அந்தப் பக்கத்துக் கருப்பைக் கொம்பின் உட்படலம் மட்டுமே தடிப்பதை அவர் கண்டார். ஹார்மோன் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுவது என்ற பொதுவிதிக்கு இது மாறாகத் தோன்றியது. சூலகச் சிரைக்கும் தமனிக்கும் இடையிலான நெருங்கிய பிணைப்பால் சுரப்பு அருகிலுள்ள கொம்பிற்கு நேராகச் சேர்வதைப் பிற்கால ஆஸ்திரேலிய ஆய்வுகள் விளக்கின.

அதே 1947-இல் அ. கோபாலகிருஷ்ணா, தென்னிந்தியாவின் ஸ்கோட்டோஃபிலஸ் என்னும் பூச்சியுண்ணி வௌவாலின் இனப்பெருக்கம் பற்றிய தம் முதற் கட்டுரையைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் அளித்தார். பின்னர் நாகபுரி இவ்வாய்வின் இருப்பிடமாயிற்று. 1951-இல் எம். ஏ. மோகே பெருவௌவாலின் கருவளர்ச்சியையும் நஞ்சுக்கொடி அமைப்பையும் விவரித்தார். கோபாலகிருஷ்ணாவும் அவர் மாணவர்களும் நான்கு பத்தாண்டுகள் ஒவ்வோர் இனமாக எடுத்துக்கொண்டு, கருவின் வளர்ச்சியோடு சூலகத் திரட்சி எவ்வாறு வளர்ந்து தேய்கிறது என்பதை ஒப்பிட்டனர். சில இனங்களில் ஒரு பக்கச் சூலகமே தொழிற்பட்டது. மற்றது சிறுத்துக் கிடந்தது. வேறு சிலவற்றில் இரு பக்கமும் மாறிமாறிப் பணியாற்றின.

இங்கே தமிழின் இயல்பு ஒன்று இடர் செய்கிறது. அஃறிணையில் பன்மை விகுதி கட்டாயமன்று. ‘வௌவாலின் சூலகத்தில் முட்டை முதிர்கிறது’ என்றால் ஒன்றிலா, இரண்டிலுமா என்பது தெரியாது. பசுவைப் பற்றி எழுதுகையில் இது பொருட்படுத்தத்தக்கதன்று. மார்ஷலின் கட்டுரையை மொழிபெயர்ப்பவர் இதனைப் பொருட்படுத்தாவிடில் கட்டுரையின் உயிர்நிலையே போய்விடும். ‘ஒரு பக்கச் சூலகம்’, ‘இரு சூலகங்கள்’ என்று ஒவ்வோரிடத்தும் எண்ணையும் பக்கத்தையும் வெளிப்படையாக எழுதுவதன்றி வேறு வழியில்லை.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அமிதாப் கிருஷ்ணாவும் உடனாய்வோரும் 1980-களிலிருந்து இவ்வாய்வை ஹார்மோன் அளவீடுகளோடு இணைத்தனர். அங்குள்ள ஸ்கோட்டோஃபிலஸ் ஹீத்தி என்னும் மஞ்சள் வௌவாலில் நுண்பை குளிர்காலத்திற்கு முன்பே வளர்ந்துவிட்டாலும் முட்டை மார்ச்சு மாதத்திலேயே வெளியேறுகிறது. (நிறத்தால் பெயர்பெற்ற வௌவாலின் நிறத்தால் பெயர்பெற்ற உறுப்பைப் பற்றி எழுதும் நிலை மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கே வாய்க்கிறது.) இடைப்பட்ட மாதங்களில் நுண்பைகளுக்கு இடையிலுள்ள செல்கள் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்னும் ஆண்மைச் சுரப்பை மிகுதியாகச் சுரக்கின்றன. மகளிரின் பல்பைச் சூலக நோயோடு இந்நிலைக்குள்ள ஒப்புமையை அவ்வாய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். வௌவாலின் சூலகம் பற்றிய சொல் மருத்துவமனைச் சொல்லாகவும் ஆகக்கூடும் என்பதால், அதன் துல்லியம் விலங்கியலார்க்கு மட்டும் உரிய கவலையன்று.

இனப்பெயர்களும் நிலையாக இருப்பதில்லை என்பதைப் போகிற போக்கிற் குறிப்பிடலாம். கோபாலகிருஷ்ணா ஆய்ந்த இனத்தின் அன்றைய இலத்தீன் பெயர் இன்று வேறோர் இனப்பெயரின் கீழ் அடங்கிவிட்டது; மார்ஷல் ஆய்ந்த பெருவௌவாலின் இனப்பெயரும் இன்று மாறியுள்ளது. 1948-இல் மேகமலையில் தேயிலைத் தோட்டத்தவரான ஆங்கஸ் ஹட்டன் பிடித்த பழந்தின்னி வௌவால் ஒன்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் குறுமூக்குப் பழந்தின்னி என்ற தவறான சீட்டோடு 24 ஆண்டுகள் கிடந்தது. 1972-இல் தாய்லாந்தின் கிட்டி தொங்லொங்யா அதனைப் புதிய பேரினமென்று அறிந்து சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். போனக்காடு அமைந்த அகத்தியமலைத் தொகுதியின் கிழக்குப் பக்கத்துக் களக்காடு முண்டந்துறைக் காடுகளிலும் அவ்வினம் பின்னர் பதிவாகியது. வாவல் என்ற பழஞ்சொல் இம்மாற்றங்கள் எவற்றாலும் தீண்டப்படவில்லை.

மானிப்பாயும் சென்னையும்

தமிழில் உடற்கூற்றுச் சொல்லாக்கத்தின் முதற் பெருமுயற்சி யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நிகழ்ந்தது. 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மறு ஆண்டு மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பின்னர் அதனைத் தமிழிலேயே நடத்தினார். 1857-இல் வெளிவந்த ‘பிரசவ வைத்தியம்’, மோன்செல் எழுதிய ஆங்கில நூலின் தமிழாக்கம். 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1883-இல் ‘மனுஷ சுகரணம்’ என வரிசையாக நூல்கள் வந்தன. தமிழிற் சொல் உண்டாயின் அது, இன்றேல் வடசொல், அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லின் எழுத்துப்பெயர்ப்பு என்பது அவர் கைக்கொண்ட நெறி. அங்காதிபாதம், சுகரணம் ஆகிய சொற்கள் இன்று வழக்கிழந்தன. நெறி மட்டும் பிழைத்துக்கொண்டது.

தமிழகத்தில் 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வேங்கடசுப்பையரும் தொடங்கிய தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம், 1930-களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் ஆகியவை இப்பணியைத் தொடர்ந்தன. 1936-இல் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டில் ஈழத்து விபுலாநந்த அடிகள் முதன்மையான பொறுப்பேற்றார். அதன் பயனாக 1938-இல் வெளிவந்த கலைச்சொல் தொகுதி இரு கரைகளுக்கும் பொதுவானதாக அமைந்தது. அந்த ஒற்றுமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1950-களின் இறுதி முதல் இலங்கையின் அரசகரும மொழித் திணைக்களம் தனக்கென்று சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டில் பாடநூல் நிறுவனமும் பல்கலைக்கழகங்களும் வேறு வழியிற் சென்றன.

விளைவு, சூலகச் சொற்களில் நன்கு தெரிகிறது. நுண்பையை இலங்கை நூல்கள் புடைப்பு என்கின்றன; தமிழ்நாட்டுப் பாடநூல் ஃபாலிக்கிள் என்று எழுதுகிறது. நஞ்சுக்கொடி அங்கே சூல்வித்தகம். கருமுட்டையோடு விந்தணு சேர்தல் அங்கே கருக்கட்டல்; இங்கே கருவுறுதல். ஹார்மோன் அங்கே ஓமோன். தமிழ்நாட்டுப் பாடநூல் கார்ப்பஸ் லூட்டியம் என்று அப்படியே எழுதும் உறுப்பு, இலங்கையில் மஞ்சட் சடலம்.

கடைசியாகக் கூறிய சொல் சற்று நின்று நோக்கத்தக்கது. சடலம் என்றால் இன்றைய செய்தித்தாள் வாசகர்க்குப் பிணம். மஞ்சட் சடலம் என்பதை முதன்முறை படிக்கும் சென்னை மாணவன் திடுக்கிடுவது இயல்பே. ஆயினும் சொல்லை ஆக்கியோர்மீது குறை கூற இடமில்லை. பழந்தமிழ்ப் பாடல்களிலும் சித்தர் வாக்கிலும் சடலம் உயிருள்ள உடலையும் குறித்தது. கார்ப்பஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கும் அதே இருபொருள் உண்டு. ஆங்கிலத்தில் பிணத்தைக் குறிக்கும் சொல் அதன் வழியில் வந்ததே. பொருள் சுருங்கியது பிற்காலத்தில். எனினும் கருப்பத்தைக் காத்து நிற்கும் மிகச் சுறுசுறுப்பான சுரப்பியைப் பிணச்சொல்லாற் குறிப்பதும், அது மாண்டபின் எஞ்சும் தழும்பையும் அதே சொல்லாற் குறிப்பதும் பொருந்தாமை எனலாம்.

‘மஞ்சள் உடலம்’ என்பது இக்குறையை நீக்குகிறது. ஆனால் மற்றொரு குறை எஞ்சுகிறது. இலத்தீன் சொல்லில் உறங்கும் நிறம் ஆங்கில வாசகனை எழுப்புவதில்லை. தமிழில் மஞ்சள் என்பது கிழங்கும் ஆகும், மங்கலமும் ஆகும், காமாலை நோயும் ஆகும். பெயர்ச்சொல்லாக ஒருமுறை வரும்போது தாங்கிக்கொள்ளலாம். வினையாக்கும்போது சிக்கல் பெருகுகிறது. ‘செல்கள் மஞ்சளாகின்றன’ என்று எழுதினால், மஞ்சளாகாத ஒன்றை மஞ்சளாகிறது என்று கூறியதாகும். சொற்பட்டியல்கள் பெயர்ச்சொற்களைத் தனித்தனியே நிறுத்துப் பார்க்கின்றன. அவற்றிலிருந்து வினையும் பெயரடையும் கிளைக்குமா என்று பார்ப்பதில்லை. இந்தி ஆட்சிச்சொல்லான பீத பிண்டமும் இதே நிலையில்தான் உள்ளது. லூட்டியம் என்ற எழுத்துப்பெயர்ப்பிலிருந்து லூட்டியச் செல், லூட்டியமாதல், லூட்டியச் சிதைவு எனச் சொற்கள் தடையின்றிக் கிளைக்கின்றன. கிறீனின் மூன்றாம் நெறி, கடைசி வழியாகக் கருதப்பட்ட ஒன்று, இவ்விடத்தில் முதல் வழியாவது தகும். ஒலித்தூய்மை விரும்புவோர் இதனை ஒப்பார். ஆயினும் தனிச்சொல்லின் அழகைவிடச் சொற்குடும்பத்தின் ஒழுங்கு ஆய்வுரைக்கு மிகவும் வேண்டப்படுவது.

மூன்று தாமதங்கள்

இவை அனைத்தினும் கடுமையான சோதனை ‘சூல்’ என்ற சொல்லில் உள்ளது. பழந்தமிழில் சூல் என்பது கருப்பம். முதற்கருப்பம் கடுஞ்சூல், மழை சுமந்த மேகமும் சூல்கொண்ட மேகமே. தாவரவியலில் அது விதையாக வளரும் சிற்றுறுப்பிற்குப் பெயராயிற்று. இலங்கை வழக்கில் பெண்ணின் முட்டையணுவைக் குறித்தது. முட்டை வெளியேறுதல் அங்கே சூல்கொள்ளல் என வழங்குவதுண்டு. தமிழ்நாட்டு வாசகர்க்குச் சூல்கொள்ளல் என்றால் கருத்தரித்தல். ஒரே தொடர், ஒரு கரையில் கருப்பத்திற்கு முந்திய நிகழ்ச்சி, மறுகரையில் கருப்பமே.

வௌவாலில் இவ்வேறுபாடு மாதக்கணக்கான இடைவெளியாகிறது. அறிஞர் மூவகைத் தாமதங்களைப் பிரித்துள்ளனர். முதல் வகையில் புணர்ச்சி முடிந்து விந்து சேமிக்கப்பட்டிருக்கும், முட்டை வெளியேறாது. காசியின் மஞ்சள் வௌவால் இவ்வகையது. இரண்டாவதில் முட்டை வெளியேறி விந்தோடு சேர்ந்து சிறு கோளமாக வளர்ந்துவிடும். கருப்பைச் சுவரில் பதியாமல் மிதக்கும். குளிர்நிலத்து மினியோப்டெரஸ் வௌவால் இதற்குச் சான்று. மூன்றாவதில் கரு பதிந்தபின் அதன் வளர்ச்சி மந்தமாகிறது. ஆண்டுக்கு இருமுறை ஈனும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலின் குளிர்காலக் கருப்பம் கோடைக் கருப்பத்தைவிட நீடிப்பதற்கு இத்தாமதமே காரணம் என்று மீனாகுமாரியும் அமிதாப் கிருஷ்ணாவும் 2005-இல் எழுதினர்.

வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு மூன்றும் ஒன்றே: புணர்ச்சிக்கும் ஈற்றுக்கும் இடையே எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம். சூலகத்தின் செல்களே மூன்றையும் பிரித்துக் காட்டுகின்றன. முதல் வகையில் தாமதக் காலத்தில் லூட்டியம் இல்லை. காத்திருக்கும் நுண்பை மட்டுமே உண்டு. இரண்டாவதில் லூட்டியம் உண்டு; ஆயினும் அதன் செல்கள் சிறுத்துச் செயலற்றிருக்கின்றன; கரு பதியும் காலம் நெருங்குகையிலேயே பருத்துச் சுரக்கின்றன. மூன்றாவதில் லூட்டியம் உருவாகிக் கரு பதிந்தும்விட்டது; சுரப்பு மட்டும் தாழ்ந்திருக்கிறது. ‘தாமதக் கருவுறுதல்’ என்ற ஒரே தொடரால் மூன்றையும் மொழிபெயர்த்தால், வில்லையைப் பாராமலே அறிக்கை எழுதியதற்கு ஒப்பாகும். கருவுறுதல் என்ற சொல் விந்து சேர்தலையும் கருப்பம் தரித்தலையும் ஒருங்கே குறிப்பதால் இப்பிழை எளிதில் நேர்கிறது.

முதல் வகைக்கு ‘முட்டை வெளியேற்றத் தாமதம்’ என்பது இரு கரையிலும் மயக்கமற விளங்கும். நீளமாயினும் சூல்கொள்ளலைவிட அதுவே கொள்ளத்தக்கது. விந்து சேர்தலுக்கு இலங்கையின் கருக்கட்டல் தமிழ்நாட்டிலும் ஏற்கத்தக்க சொல். கருப்பம் தரித்தலோடு அது குழம்புவதில்லை. இரண்டாம் வகைக்குக் ‘கருப்பதிவுத் தாமதம்’ என்பது, பத்திர அலுவலகத்தை நினைவூட்டினும், வழக்கில் நிலைத்துவிடக்கூடும். ‘கரு பதிதல் தாமதம்’ என்று பிரித்தெழுதினால் அந்நினைவும் எழாது. மூன்றாம் வகையே இன்னும் இடர்ப்படுத்துவது. ‘வளர்ச்சித் தாமதம்’ என்ற தொடரைக் குழந்தை மருத்துவம் முன்னரே எடுத்துக்கொண்டது. பேச்சும் நடையும் பிந்தும் பிள்ளையை அது குறிக்கும். ‘முளைய வளர்ச்சித் தாமதம்’ எனின் யாழ்ப்பாணத்து வாசகர் உடனே அறிவர். தமிழ்நாட்டில் முளையம் விதைமுளையையே நினைவூட்டும். ‘கருவளர்ச்சித் தாமதம்’ எனின் இருவர்க்கும் விளங்கும். ஆனால் மகப்பேறு மருத்துவர்க்கு அது நோய். பழந்தின்னி வௌவாலுக்கோ, ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் தவறாமல் வந்துபோகும் நலமான நிலை.